கம்பளத்தடி ஈரம்

கம்பளத்தை ஆழமாகக் கழுவி எடுக்கும் இயந்திரம் ஒன்றை வடிவமைக்கும் வேலை அவள் கைக்கு வந்தபோது, தொழிற்சாலையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூசி உறிஞ்சும் இயந்திரங்களை அவர்கள் ரொம்ப காலமாகச் செய்துகொண்டிருந்தார்கள். கூட ஒரு தண்ணீர்த் தொட்டியைச் சேர்த்துக் கட்டினால் முடிந்தது என்றுதான் மேலாளர்கூட நினைத்தார்.

தண்ணீர் அவ்வளவு லேசில் வழிக்கு வரவில்லை. வெந்நீரில் கலந்த சோப்பை நூலின் அடிவரை பீய்ச்ச வேண்டும், பிரஷ் அதைத் தேய்க்க வேண்டும், அழுக்கோடு அந்தத் தண்ணீரை அப்படியே திரும்ப உறிஞ்சி இன்னொரு தொட்டிக்குள் கொண்டுவர வேண்டும். பீய்ச்சுவது சுலபம். திரும்ப வாங்குவதுதான் பாடு. உள்ளே போனதெல்லாம் வெளியே வராவிட்டால் கம்பளம் மேலே பளிச்சென்று இருக்கும், அடியில் ஊறிக் கிடக்கும். இந்தத் தொட்டிகளோடு அவள் பட்ட பாட்டைப் பார்த்து அலுவலகத்தில் அவளுக்குத் 'தொட்டியம்மா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

சந்தைக்குப் போகும் முன் சில இயந்திரங்களை வெளியே கொடுத்து ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அதில் ஒன்றை அவள் தன் நாத்தனாருக்குக் கொடுத்தாள்.

கணவனின் தங்கையான அந்தப் பெண்ணை வீட்டில் எல்லோரும் 'புயல்' என்றுதான் கூப்பிடுவார்கள். நடந்தாலும் வேகம், பேசினாலும் வேகம். ஒரு பழைய வேனையும் இரண்டு பெண்களையும் வைத்துக்கொண்டு அலுவலகங்களையும் வீடுகளையும் சுத்தம் செய்து கொடுக்கும் தொழில். கல்யாணமான புதிதில் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். அவள் ஒரு வாக்கியம் யோசித்து முடிப்பதற்குள் புயல் நாலு வாக்கியம் பேசி முடித்திருக்கும். பிறகு எப்படியோ ஒட்டிக்கொண்டார்கள். அந்த இயந்திரம் வந்ததும் ஒட்டு இன்னும் கெட்டியானது.

"இது எங்க அண்ணி செஞ்ச மெஷின்" என்று புயல் போகிற இடமெல்லாம் சொன்னது. வாடிக்கையாளர்கள் கேட்டார்களோ இல்லையோ, சொல்லாமல் விட்டதில்லை. "உள்ள போற தண்ணி, மூளை, எல்லாம் எங்க அண்ணியோடது. நான் வெறும் தள்ளுவண்டிக்காரி" என்று ஒரு தடவை தொலைபேசியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததை அவள் தன் காதாலேயே கேட்டாள். அன்று அவளுக்கு மனசு நிறைந்துபோயிருந்தது. அந்த நிறைவோடு கூடவே ஓர் உறுத்தலும் இருந்தது. அதை அவள் கண்டும் காணாமல் விட்டாள்.

உறுத்தலுக்குக் காரணம் இருந்தது.

விற்பனைக்காரர்கள் இயந்திரம் ஒல்லியாக இருக்க வேண்டும், ஒரே கையால் தூக்க முடிய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்கள். அதற்காக அவள் அழுக்குத் தண்ணீர்த் தொட்டியின் உயரத்தைக் குறைத்தாள். மோட்டார் காற்றை இழுக்கும் துளை அந்தத் தொட்டியின் மேல்பக்கம் இருந்தது. பரிசோதனை அறையில் எல்லாம் சரியாகவே வந்தது. ஏனென்றால் அங்கே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் தொட்டியைக் காலி செய்து, துடைத்து, எடை போட்டுத்தான் தொடங்குவார்கள்.

இயந்திரத்தைப் புயலுக்குக் கொடுப்பதற்கு முன்பு ஒருநாள் மத்தியானம் பரிசோதனை அறைக்காரர் சாப்பிட்டு வந்த அசதியில் தொட்டியைக் காலி செய்ய மறந்துவிட்டார். பாதி நிறைந்த தொட்டியோடு இயந்திரம் ஓடியது. சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஓடி முடிந்ததும் அவள் குனிந்து கம்பளத்தை விரலால் அழுத்தினாள். விரலைச் சுற்றித் தண்ணீர் ஊறி வந்தது.

"மேடம், நுரை மேல வரைக்கும் ஏறிடுச்சு. காத்துத் துளைய அடைச்சுக்கிட்டு இருக்கு" என்றார் அவர்.

அவளுக்கு உடனே புரிந்தது. தொட்டி பாதி நிறைந்தாலே நுரை துளையைத் தொட்டுவிடும், உறிஞ்சுகிற வேகம் விழுந்துவிடும், மோட்டார் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல இரைந்துகொண்டிருக்கும். தொட்டியைத் திரும்பவும் உயரமாக்க வேண்டும். அப்படியென்றால் அச்சு வார்ப்பு முழுவதும் மாற்ற வேண்டும். வெளியீட்டு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று. 'ஒரு முறை நிரப்பினால் ஓர் அறை முழுவதும்' என்று விளம்பரம் எழுதியாயிற்று.

"சோப்பு அதிகமாப் போட்டிருப்பீங்க. காலி பண்ணிட்டு மறுபடி ஓட்டுங்க" என்றாள்.

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு தொட்டியைக் கழற்றிக்கொண்டு குழாயடிக்குப் போனார். மறுபடி ஓட்டியபோது எல்லாம் சரியாக இருந்தது. அவளும் அதை அத்தோடு விட்டுவிட்டாள். விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

*

புயலுக்கு அந்த நகரத்தின் பொது நூலகத்தைச் சுத்தம் செய்யும் வேலை கிடைத்தது. அதில் குழந்தைகள் தரையில் உட்கார்ந்து படிக்கிற அறை ஒன்று உண்டு. தடிமனான கம்பளம், அதற்கடியில் மெத்தென்று இன்னொரு விரிப்பு. பால், பழச்சாறு, பென்சில் தூள் என்று அந்தக் கம்பளம் பார்க்காத அழுக்கு கிடையாது. புயல் ஒரு விடுமுறை நாளில் போய்க் கழுவிக் கொடுத்தது. கம்பளத்தில் நீல நிறம் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது என்று நூலகர் வாயாரப் பாராட்டினாராம். அதன் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு புயல் வீடு வீடாகக் காட்டியது.

சில நாள் கழித்து அந்த அறையில் லேசாக ஒரு வாடை வந்தது. ஊறவைத்து மறந்துபோன துணியின் வாடை. சன்னலைத் திறந்து வைத்தார்கள், போகவில்லை. பிறகு ஒரு மூலையில் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தபோது அடிவிரிப்பு முழுக்கக் கருப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அங்கே தினமும் வந்து உட்காரும் குழந்தைகளில் சிலருக்கு இருமல். ஒரு குழந்தைக்கு மூச்சிழுப்பு வந்து மருத்துவமனையில் சேர்த்து, நல்லவேளையாகத் தேறி வீடு திரும்பியது. அறையைப் பூட்டினார்கள். புயலை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். புயல் வழக்கமாகச் சாப்பாட்டோடு ஊர்க்கதை முழுவதும் பரிமாறும். அன்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னடி ஆச்சு?" என்று அண்ணன் கேட்டான்.

புயல் நடந்ததைச் சொன்னது. சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே, "அண்ணி மெஷின் மேல தப்பில்ல. நான்தான் அவசரத்துல சரியா இழுக்காம விட்டிருப்பேன். தண்ணிய விட்டுட்டு அடுத்த எடத்துக்கு ஓடியிருப்பேன். என் புத்தி தெரியாதா" என்றது.

"நீ எப்பவுமே அப்படித்தானே" என்றான் அண்ணன், திட்டுவதற்காக இல்லை, தங்கையின் தலையில் குட்டுகிற பழக்கத்தில். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "சின்ன வயசுலயே பல்லு தேய்க்கறதுக்கு முன்னாடி வாய் கொப்புளிச்சிடுவா. இல்ல?" என்றான்.

அவளிடம் அப்போது ஒரு வார்த்தை இருந்தது. அதைச் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டு அவள் தலையாட்டினாள். லேசாகத்தான் ஆட்டினாள். ஆனால் புயல் நிமிர்ந்து அந்தத் தலையாட்டலைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டது.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அலுவலகத்தில் யாராவது 'தொட்டியம்மா' என்று கூப்பிட்டால் காதில் விழாதது போல நடந்தாள். மருத்துவமனைக்குப் போய்வந்த அந்தக் குழந்தையை அவள் பார்த்ததில்லை. ஆண் குழந்தையா பெண் குழந்தையா என்றுகூடத் தெரியாது. ஆனாலும் எங்கே குழந்தை இருமினாலும் திரும்பிப் பார்த்தாள். தனக்குத் தானே பல சமாதானங்கள் சொல்லிக்கொண்டாள். கழுவிய அன்றே சன்னலைத் திறந்து வைத்திருந்தால் காய்ந்திருக்கும். அடிவிரிப்பு பழசாக இருந்திருக்கும். ஒருவேளை புயலே உண்மையில் அவசரப்பட்டிருக்கலாம். கடைசிச் சமாதானம் மனசுக்கு வந்தபோது அவளுக்கே அவளைப் பிடிக்கவில்லை.

*

புயல் மாறிக்கொண்டிருந்தது. மெதுவாக நடந்தது, மெதுவாகப் பேசியது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப இழுத்து இழுத்து வலது தோள் வீங்கிப்போயிருந்தது. முன்பு ஒருநாளில் முடித்த வேலைக்கு இப்போது இரண்டு நாள் பிடித்தது. கூட வேலை செய்த பெண்களில் ஒருத்தி, "உங்களோட நின்னா என் வீட்டு அடுப்பு எரியாது" என்று சொல்லி விலகிக்கொண்டாள். வீட்டில் யாரும் இப்போது 'புயல்' என்று கூப்பிட்டுச் சிரிப்பதில்லை. கூப்பிட்டால் கேலி செய்கிற மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசி வந்தது.

"அண்ணி, நீ சும்மாத்தானே இருக்க? ஒரு பல் டாக்டரோட கிளினிக்ல வேலை. கொஞ்சம் வந்து நான் எப்படி ஓட்டறேன்னு பாரேன். எங்க தப்பு பண்றேன்னு எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. நீ பாத்தா சொல்லிடுவ."

மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. போனாள்.

பல் மருத்துவரின் காத்திருப்பு அறை. நாற்காலிகளை எல்லாம் தாழ்வாரத்துக்கு நகர்த்தி வைத்திருந்தார்கள். சாம்பல் நிறக் கம்பளம். புயல் கைகளைத் துடைத்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, இயந்திரத்தைப் போட்டது.

அவள் சுவரோரமாக நின்று பார்த்தாள். புயல் சோப்பை அளந்து ஊற்றியது. சுவர்ப்பக்கம் தொடங்கிக் கதவை நோக்கிப் பின்னால் நடந்தது. பீய்ச்சிக்கொண்டே ஓர் இழுப்பு, பீய்ச்சாமல் மெதுவாக இன்னோர் இழுப்பு. ஒரு கோட்டின் விளிம்பை அடுத்த கோடு கொஞ்சம் தொட்டுக்கொண்டு போனது. கையேட்டில் அவள் எழுதியிருந்ததை எழுத்துப் பிசகாமல் அந்தப் பெண் செய்துகொண்டிருந்தது. தோளை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு.

பாதி அறை முடிந்தபோது அழுக்குத் தொட்டிக்குள் நுரை மெல்ல மேலேறியது. கண்ணாடி போன்ற அதன் சுவர் வழியாக அது நன்றாகவே தெரிந்தது. துளையைத் தொட்டது. மோட்டார் அதே சத்தத்தோடு இரைந்துகொண்டிருந்தது. புயல் அதே அக்கறையோடு இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது கம்பளத்தில் தண்ணீர் அப்படியே தங்குகிறது என்று அந்த அறையில் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

"நிறுத்து" என்றாள் அவள்.

புயல் நிறுத்தியது. "எங்க தப்பு விட்டேன்? சொல்லு."

"நீ எங்கயும் தப்பு விடல."

"அப்புறம்?"

அவள் முட்டிபோட்டு உட்கார்ந்து, புயலின் கையைப் பிடித்துக் கம்பளத்தில் வைத்து அழுத்தினாள். தண்ணீர் விரல்களுக்கு நடுவே ஊறி வந்தது. பிறகு, முதலில் கழுவிய சுவரோரத்துக்கு அதே கையைக் கொண்டுபோய் அழுத்தினாள். அங்கே வெறும் குளிர்ச்சி மட்டும்தான்.

"தொட்டி பாதி நிறைஞ்சா நுரை அந்தத் துளைய அடைச்சுடும். அதுக்கப்புறம் தண்ணி உள்ள போகும், வெளிய வராது. நீ எத்தன தடவ இழுத்தாலும் வராது. தொட்டிய நான் சின்னதாக்கிட்டேன். நூலகத்துல நடந்தது என்னால. உன்னால இல்ல."

புயல் கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டது.

"இது உனக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?"

இப்போது பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். 'ஆமாம், இப்பத்தான் பார்த்தேன்' என்றால் போதும். புயல் நம்பியிருக்கும். கட்டிப்பிடித்துக்கொண்டுகூட இருக்கும்.

"இல்ல. வெளிய கொடுக்கறதுக்கு முன்னாடியே தெரியும்."

"அன்னைக்கு நம்ம வீட்டுல சாப்பிடும்போது?"

"தெரியும்."

"நான்தான் தப்புன்னு சொன்னப்ப, நீ தலையாட்டின."

"ஆமா."

புயல் எழுந்தது. தொட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போய்க் கொட்டிவிட்டு வந்தது. மாட்டியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணியை வா, போ என்று பேசிய நாக்கு, "டாக்டர்கிட்ட நாளைக்கு ஆளுங்க வருவாங்க. இத முடிச்சுக் கொடுக்கணும். நீங்க கிளம்புங்க" என்றது.

அந்த 'நீங்க' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஓர் அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. தெருவுக்கு வந்து, வேனுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே இயந்திரம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். புயல் ஒவ்வொரு முறையும் தொட்டியைப் பாதியிலேயே கொட்டிக் கொட்டி ஓட்டுகிறது என்று புரிந்தது.

கணவனிடம் அன்றே சொன்னாள். ஏசுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் ஏசவில்லை.

"நீ தலையத்தான் ஆட்டின. வாயத் திறந்து பேசினவன் நான்" என்றான். "பல்லு தேய்க்கறதப் பத்தி வேற சொல்லிச் சிரிச்சேன்."

மறுநாள் அவள் மேலாளரின் அறைக்குப் போய்த் தொட்டியின் குறையைச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. பிரச்சினை என்று வந்தால் பூசி மெழுகிப் பழகியவர், அவ்வளவுதான். "கையேட்டுல ஒரு வரி சேத்துடலாம். பாதியிலயே காலி பண்ணச் சொல்லி. முடிஞ்சுது" என்றார். ஒரு நிமிடம் அவளுக்கும் அது போதும் போலத்தான் இருந்தது. பிறகு, "நீங்க கொஞ்சம் வந்து பாருங்க சார்" என்று அவரைப் பரிசோதனை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பரிசோதனை அறைக்காரரிடம், "தொட்டியக் காலி பண்ணாம ஓட்டுங்க" என்றாள். அவர் மறுபேச்சு பேசாமல் ஓட்டினார்.

ஓடி முடிந்ததும் மேலாளர் கம்பளத்தின்மேல் நடந்தார். அவருடைய காலணி பதிந்த இடத்திலெல்லாம் தண்ணீர் தேங்கியது.

"ஒரு நூலகத்துல குழந்தைங்க இந்த மாதிரி ஈரத்துமேல உக்காந்து படிச்சாங்க சார்" என்றாள். "இது எனக்கு முன்னாடியே தெரியும். இவரும் சொன்னார். நான்தான் வாய மூட வெச்சேன்."

பரிசோதனை அறைக்காரர் துணியை எடுத்துத் தேவையில்லாமல் இயந்திரத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

உற்பத்தி நின்றது. வெளியே போன இயந்திரங்களைத் திரும்ப வாங்கினார்கள். விழா தள்ளிப்போனது, விற்பனைக்காரர்கள் அவளைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தலைமைப் பொறுப்பை அவளிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் கொடுத்தார்கள். அவருக்குக் கீழே உட்கார்ந்து அவளே புதுத் தொட்டியை வரைந்தாள். உயரமாக, குண்டாக, பார்க்க அழகில்லாமல். அதை யாரும் ஒரே கையால் தூக்க முடியாது.

நூலகத்துக்கும் போனாள். குழந்தைகள் அறையில் கம்பளத்தையே எடுத்துவிட்டுத் தரைக்கு ஓடு பதித்துக்கொண்டிருந்தார்கள். நூலகர் அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டார்.

"அந்தப் பொண்ணு அப்பவே வந்துச்சும்மா. என் தப்புதான் சார்னு அழுதுக்கிட்டே நின்னுச்சு. அந்தக் குழந்தையோட வீட்டுக்கும் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்துச்சாம். நானும் கோவத்துல கண்டபடி பேசிட்டேன்."

குழந்தையின் வீட்டுக்குப் போனதைப் புயல் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"எனக்கும் அந்த வீட்டு முகவரி வேணும்" என்றாள்.

போனாள். பெண் குழந்தை. கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிவிட்டது. தாய் அவளை உட்காரச் சொல்லவில்லை. "முதல்ல ஒருத்தங்க வந்து அவங்க தப்புன்னாங்க. இப்ப நீங்க வந்து உங்க தப்புங்கறீங்க. எனக்கு யார் தப்புங்கறது வேண்டாம். இனி இப்படி நடக்காதுன்னா சரி" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நூலகர் புயலைக் கூப்பிட்டுப் பேசினார். மற்ற அறைகளின் வேலை திரும்பவும் வந்தது. தோள் மட்டும் சரியாகவில்லை. கனமான எதையும் இழுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கணவன் சொல்லித்தான் அவளுக்கு அது தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு புயலின் வேன் நிற்கும் இடத்துக்குப் போனாள். வேனுக்குள் வேறு ஏதோ நிறுவனத்தின் இயந்திரம் இருந்தது.

"என்ன வேணும்?" என்றது புயல்.

"நான் இழுக்கறேன். நீ பக்கத்துல நின்னு சொல்லு."

புயல் அவளை மேலும் கீழும் பார்த்தது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வேனின் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறிக்கொண்டது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் அவள் போனாள். முதல் சில வாரங்கள் உடம்பு முழுக்க வலி. கம்பளத்தின்மேல் கோடு கோணலாகப் போகும். புயல் ஓரமாக நின்று, "விளிம்பு விட்டுப்போச்சு", "அங்க இன்னொரு தடவ", "குழாயை மிதிக்காதீங்க" என்று சொல்லும். அவள் செய்வாள். ஒருமுறை மேசைக் காலில் இடித்துக்கொண்டு அவள் கத்தியபோது புயலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அன்று வீட்டுக்கு வந்து அவள் கைகளை வெந்நீரில் வைத்துக்கொண்டிருந்தபோது கணவன் வந்து பக்கத்தில் நின்றான்.

"அவ உன்கிட்ட பேசறாளா?"

"வேலையப் பத்திப் பேசறா" என்றாள்.